ஊழியம் உண்டு, பட்டம் இல்லை

சபையில் பெண் போதிக்கலாமா என்று வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுகிற ஆண்களில் பெரும்பாலோர், இருபத்து மூன்றாம் சங்கீதத்தை ஒரு பெண்ணிடம்தான் மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். அம்மாவாக இருக்கும், ஆச்சியாக இருக்கும், இல்லையென்றால் ஞாயிறு பள்ளி டீச்சராக இருக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் வசனத்தை விளக்குவதும் தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்த வேலைகள். பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை பெண்ணிடம் உபதேசம் கேட்டு வளர்ந்த பையனுக்கு, மீசை அரும்பியதும் அதே பெண்ணின் உபதேசம் வேதவிரோதமாகிவிடுகிறது. இந்த வேடிக்கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் சண்டை உண்மையில் போதனையைப் பற்றியது அல்ல, பட்டத்தைப் பற்றியது.

குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரிய காரியங்கள் சில உண்டு. தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்கொண்டால், திருவிருந்து ஆராதனையை நடத்துவதும் பாவமன்னிப்பை அறிவிப்பதும் ஆயரின் வேலை. சேகரக் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. பலிபீடத்தின் அதிகாரமும் கமிட்டி நாற்காலியின் அதிகாரமும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. வசனம் சொல்லிக்கொடுக்கும் பெண்ணை யாரும் தடுக்காமல், பட்டம் கேட்கும் பெண்ணை மட்டும் ஏன் தடுக்கிறார்கள் என்பதற்கு இறையியல் காரணங்கள் உண்டு. இந்தக் காரணமும் உண்டு.

கிறிஸ்தவத்தின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் பெண்கள் போதிக்காத, சபை நடத்தாத காலம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால் அவர்களை அனுமதித்தபோதெல்லாம் திருச்சபை சொன்ன காரணம் அநேகமாக ஒன்றுதான்: இப்போதைக்குத் தேவை இருக்கிறது. ஆண் இல்லை, அல்லது ஆண் போக முடியாத இடம். தேவை தீர்ந்ததும் அனுமதியும் தீர்ந்தது. தேவை என்ற வாதம் பெண்ணுக்குச் செய்த உதவியைவிடப் பெண்ணுக்கு விரித்த வலை பெரிது என்பது என் கணிப்பு.

ஆதிச் சபையிலிருந்து பார்க்கலாம். ரோமர் நிருபத்தின் பதினாறாம் அதிகாரம் வாழ்த்துப் பட்டியல் என்பதால் பிரசங்கியார்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தப் பட்டியலில் முதலில் வருகிறவர் பெபேயாள் என்ற பெண். கெங்கிரேயா சபையில் பொறுப்பு வகித்தவர். பவுலின் மிகக் கனமான அந்த நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அடுத்து, அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரைத் தனியே அழைத்து உபதேசத்தைத் திருத்திக்கொடுத்த பிரிஸ்கில்லாளும் அவர் கணவர் ஆக்கில்லாவும். சற்றுக் கீழே யூனியா. அவரை அப்போஸ்தலரில் ஒருவராக நான்காம் நூற்றாண்டின் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் புகழ்ந்திருக்கிறார். பெண் எப்படி அப்போஸ்தலராக இருக்க முடியும் என்ற தயக்கத்தில் பிற்காலத்தில் வந்தவர்கள் அவரை ஆணாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிரேக்கப் பதிப்புகள் அவரைத் திரும்பப் பெண்ணாக்கின.

கிறிஸ்தவர் அல்லாத ஒருவரின் சாட்சியமும் இருக்கிறது. சுமார் 112ஆம் ஆண்டில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிளினி, இந்தப் புதிய கூட்டம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஊழியர்கள் என்று அழைக்கப்பட்டதையும் குறிப்பிட்டார். பிளினிக்கு வேதாகம விவாதம் எதிலும் அக்கறை கிடையாது. சபையின் உள்விவகாரம் தெரிந்தவர்கள் யார் என்று தேடியிருக்கிறார், கையில் கிடைத்தவர்கள் இரண்டு பெண்கள்.

மூன்றாம் நூற்றாண்டுக்கு வந்தால் 'டீக்கனஸ்' என்ற பெண் ஊழியர் பதவி சிரியாப் பகுதியில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே எழுதப்பட்ட 'திதஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல் அந்தப் பதவி எதற்கு என்றும் சொல்கிறது. ஞானஸ்நானத்தின்போது உடல் முழுவதும் எண்ணெய் பூச வேண்டும். பெண்களுக்கு அதை ஆண் செய்வது முறையல்ல. அவிசுவாசிகளின் வீட்டில் இருக்கும் பெண்களைப் பார்க்கவும் ஆண் ஊழியர் போக முடியாது. ஆகவே ஒரு பெண் வேண்டும். 451இல் கூடிய கால்கதோன் சங்கம் டீக்கனஸுக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று விதித்தது. வயது வரம்பு போடும் அளவுக்கு அது நிலைத்த பதவி. அப்புறம் என்ன ஆயிற்று? ஊரெல்லாம் கிறிஸ்தவமாகி, வயதுவந்தவர்கள் மதம் மாறி ஞானஸ்நானம் பெறுவது குறைந்து, குழந்தைகளுக்குக் கொடுப்பது வழக்கமாயிற்று. குழந்தைக்கு எண்ணெய் பூசப் பெண் ஊழியர் எதற்கு? அந்தப் பதவி மங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எந்தத் தேவையைக் காட்டி அது அமைந்ததோ அந்தத் தேவை போனதும் அதைத் தாங்க வேறு தூண் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தையும் நேராகப் பார்த்துவிட வேண்டும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், பெண் உபதேசிப்பதையும் ஆண்மேல் அதிகாரம் செலுத்துவதையும் வெளிப்படையாக மறுக்கிறது. அது எபேசு சபையின் அப்போதைய குழப்பத்துக்குச் சொன்ன அறிவுரை என்று ஒரே வரியில் கடந்துபோவது நேர்மையல்ல. எழுதியவர் சூழ்நிலையைக் காரணம் காட்டவில்லை, ஆதாம் முதலில் படைக்கப்பட்டதைக் காரணம் காட்டுகிறார். இயேசு தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பதும், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்தத் தொடர்ச்சியைக் கைவிடத் தங்களுக்கு உரிமையில்லை என்று நினைப்பதும் பெண் வெறுப்பால் மட்டும் வந்தவை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடந்துகொண்டிருக்கிற காரியமாகவே எடுத்துக்கொண்டு, தலையை மூடிக்கொண்டு செய்யச் சொல்கிறார். தீமோத்தேயு நிருபத்தில் அந்தத் தடைக்கு மூன்று வசனம் முன்னால் பின்னல் சடைக்கும் பொன்னுக்கும் முத்துக்கும் விலையுயர்ந்த வஸ்திரத்துக்கும் தடை இருக்கிறது. நகை போடாத பெந்தெகொஸ்தே சபைகளும் பிரதரன் சபைகளும் இந்த விஷயத்தில் முன்னுக்குப் பின் முரணில்லாதவை, அவர்களை மதிக்கலாம். கழுத்து நிறையப் பொன்னும் காஞ்சிபுரம் பட்டுமாகக் கோயிலில் கல்யாணம் நடத்திவைத்துவிட்டு, மூன்று வசனம் தள்ளி வந்ததும் சிருஷ்டியின் ஒழுங்கைப் பேசுகிறவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

இடைக்காலத்தில் பெண்களுக்குத் திறந்திருந்த இடம் மடம். இங்கிலாந்தில் ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடத்தின் தலைவி ஹில்டா ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த மடத்தை நடத்தினார். அங்கே படித்த ஐந்து பேர் பிஷப் ஆனார்கள். சியன்னா கத்தரீன், அவிஞோனில் இருந்த போப்பை ரோமுக்குத் திரும்பச் சொல்லி விடாமல் கடிதம் எழுதினார். சீர்திருத்தம் வந்தபோது புராட்டஸ்டன்ட் நாடுகளில் மடங்களை மூடினார்கள். பெண்ணுக்கு இருந்த ஒரே அதிகார இடமும் போயிற்று. அதற்குப் பதிலாகக் கிடைத்தது போதகரின் மனைவி என்ற புதிய ஸ்தானம். நம் ஊர் 'ஐயரம்மா' அந்த வழியில் வந்தவர்தான். சம்பளம் இல்லை, நியமன உத்தரவு இல்லை, ஆனால் சபையின் பாதி வேலை அவருடையது. ஐயருக்கு மாற்றலானால் அவருக்கும் மாற்றல்.

தேவை என்ற வாதம் எப்படி முடியும் என்பதற்கு மெதடிஸ்ட் வரலாற்றைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1771இல் மேரி பொசன்கே என்ற பெண், தான் கூட்டங்களில் பேசுவது சரிதானா என்று ஜான் வெஸ்லிக்கு எழுதினார். உனக்குக் கிடைத்திருப்பது அசாதாரண அழைப்பு என்று வெஸ்லி பதில் எழுதினார். மெதடிஸ்ட் இயக்கமே அசாதாரணமான ஒன்று, அதில் பொது விதிகளுக்கு விலக்கு உண்டு என்பது அவர் வாதம். பெருந்தன்மையான பதில்தான். வெஸ்லி 1791இல் இறந்தார். 1803இல் மான்செஸ்டரில் கூடிய மாநாடு பெண்கள் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை என்று தீர்மானித்தது. இரண்டு காரணம் சொன்னார்கள். சபையாரில் மிகப் பலர் எதிர்க்கிறார்கள் என்பது ஒன்று. போதுமான பிரசங்கியார்கள் இருக்கிறார்கள், ஆகவே பெண்களின் பிரசங்கம் அவசியமில்லை என்பது இன்னொன்று. அசாதாரண அழைப்பு உண்டென்று நினைக்கும் பெண் பெண்களுக்கு மட்டும் பேசிக்கொள்ளலாம். தீர்மானத்தில் பவுலைவிட ஆள் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டன்ட் வரலாற்றிலும் இதே தடம் உண்டு. திருநெல்வேலித் திருமண்டலம் தன் தொடக்கமாக 1780ஐக் கொண்டாடுகிறது. அந்த ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா. கோகிலா என்ற மராத்தியப் பிராமண விதவை அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கொடுத்தார். குளோரிந்தா சபையைக் கூட்டினார், கோயில் கட்டினார். 1785இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோவில். அ. மாதவையா 1915இல் அவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

அவர் செய்ததைப் பட்டியல் போட்டால் ஒரு சபையை நிறுவியவர் செய்யும் வேலைகள்தான். ஆனால் சபைக்கு முறையான ஊழியராகத் தஞ்சாவூரிலிருந்து அனுப்பப்பட்டவர் உபதேசியார் சத்தியநாதன். 1790இல் குருப்பட்டம் பெற்றவரும் அவரே. சத்தியநாதன் தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது; திறமையான ஊழியர், பின்னால் திருநெல்வேலியில் சபைகள் பெருகியதில் அவர் பங்கு பெரிது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பட்டம் என்பது சுவார்ட்ஸின் கற்பனைக்கே எட்டியிருக்காது. நான் கவனிக்கச் சொல்வது வரிசையை. ஆணே இல்லாதபோது சபை அவருடையது. ஆண் வந்ததும் அவர் சபையின் மரியாதைக்குரிய மூத்த அம்மாள்.

நூறு ஆண்டுக்குள் இது ஒரு தொழிலாகவே மாறியது. 1857இல் லண்டனில் எலன் ரன்யார்ட் என்பவர் ஏழைப் பெண்களின் வீடுகளுக்கு வேதாகமத்தோடு போக ஏழைப் பெண்களையே சம்பளத்துக்கு அமர்த்தினார். அந்த ஏற்பாடு இந்தியாவுக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த காரணம் வேறு. உயர்சாதி வீடுகளின் உள்ளறைக்கு ஆண் மிஷனரி போக முடியாது. வெள்ளைக்காரப் பெண்மணி போகலாம், ஆனால் பாஷை போதாது. ஆகவே 'பைபிள் வுமன்' எனப்பட்ட வேதாகமப் பெண். பலர் விதவைகள். வெயிலில் நடந்துபோய், திண்ணையில் உட்கார வைத்தால் திண்ணையில், உள்ளே விட்டால் உள்ளே, கீர்த்தனை பாடி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சுவிசேஷம் வாசித்தார்கள். தெருவில் தனியாக நடக்கிற பெண்ணுக்கு ஊர் வைக்கிற பெயர்களையும் தாங்கிக்கொண்டார்கள். மரியாதையான பெண் எப்படி இருப்பாள் என்ற எண்ணத்தையே இந்தப் பெண்களின் நடமாட்டம் எப்படி நெகிழ்த்தியது என்பதை எலைசா கென்ட் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களைப் பற்றிய தன் 2004ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மிஷன் அறிக்கைகளைப் புரட்டினால் ஐரோப்பியப் பெண்மணிகளுக்கு முழுப் பெயர் இருக்கும். வேதாகமப் பெண்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயராக, சில இடங்களில் வெறும் எண்ணிக்கையாக இருப்பார்கள்.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் கதையும் இதை ஒட்டியதே. பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்தவர். அங்கே ஒரு பெரிய நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, 1951இல் இறக்கும்வரை அதன் தலைமையைத் தன்னிடம் வைத்திருந்தார். அங்கே உழைத்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. மிஷன் களத்தில் மட்டும் சிருஷ்டியின் ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும் போலிருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகள் போதகர் பதவி ஆண்களுக்கு மட்டுமே என்று 2000ஆம் ஆண்டில் தங்கள் விசுவாச அறிக்கையில் எழுதிவைத்தன. அதே சபைகள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் அயல்நாட்டு ஊழியத்துக்காகச் சேர்க்கும் பெரிய காணிக்கை, சீனாவில் சுவிசேஷம் சொல்லி 1912இல் இறந்த லாட்டி மூன் என்ற பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது.

இனி மக்காவ் போகலாம். லீ திம்-ஓய் 1907இல் ஹாங்காங்கில் பிறந்தவர். காண்டனில் இறையியல் படித்தார். 1941இல் ஹாங்காங்கின் ஆங்கிலிக்கன் பிஷப் ரொனால்ட் ஹால் அவரை டீக்கனஸாக்கி, போர்த்துக்கீசியர் வசமிருந்த மக்காவின் சபைக்குப் பொறுப்பாக வைத்தார். அந்த டிசம்பரில் ஜப்பானியர்கள் ஹாங்காங்கைப் பிடித்தார்கள். போர்ச்சுகல் நடுநிலை நாடு என்பதால் மக்காவை ஜப்பான் பிடிக்கவில்லை. அங்கே சீன அகதிகள் குவிந்தார்கள், பசி குவிந்தது. நற்கருணை கொடுக்கக் குரு யாரும் அந்த ஊருக்கு வர முடியவில்லை. லீ ஞானஸ்நானம் கொடுத்தார், பிணங்களை அடக்கம் பண்ணினார், அரிசிக்கு ஏற்பாடு செய்தார். பட்டம் இல்லாமலே நற்கருணை ஆராதனை நடத்தவும் அவருக்கு அனுமதி தரப்பட்டிருந்தது.

ஹாலுக்கு உறுத்தியது அந்த அனுமதிதான். குரு அல்லாதவரைக் குருவின் வேலையைச் செய்யச் சொல்வதைவிட, செய்கிறவரைக் குருவாக்குவதே ஒழுங்குக்கு உகந்தது என்று அவர் நினைத்தார். ஜப்பானியர் வசமில்லாத சீனப் பகுதியிலிருந்த ஷாவ்சிங் நகருக்கு லீயை வரச்சொன்னார். ஆக்கிரமிப்புப் பகுதியைக் கடந்து அவர் வந்து சேர்ந்தார். 1944 ஜனவரி 25இல் குருப்பட்டம். ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவான முதல் பெண் அவர்தான்.

ஹால் தன் முடிவைக் காண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளுக்கு எழுதியபோது இரண்டு காரணங்களைச் சொன்னார். பெண்களுக்குப் பட்டம் வேண்டும் என்று வாதாடுகிறவன் அல்ல நான். என் சபையார் நற்கருணை இல்லாமல் இருக்கக்கூடாது என்பது ஒன்று. இதுதான் தேவை. மற்றது வேறு தரத்தைச் சேர்ந்தது. குருத்துவ வரத்தை தேவன் ஏற்கெனவே இவருக்குக் கொடுத்துவிட்டார் என்பதை இவருடைய ஊழியத்தில் பார்த்தேன், பார்த்ததை உறுதி செய்கிறேன். யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைக் கண்ட பேதுரு ஞானஸ்நானம் கொடுக்காமல் இருக்க முடியவில்லையே, அதுபோலத்தான் தன் நிலைமையும் என்றார். லீக்குக் கொர்நேலியா என்று பெயர் வைக்கும் ஆசை வந்து அடக்கிக்கொண்டாராம். வரம் என்ற வாதம் பெண் குரு ஆண் இல்லாத ஊருக்கு மட்டும் என்று நிற்காது, போர் முடிந்தால் காலாவதியும் ஆகாது. ஆனால் மேலிடத்தின் காதில் விழுந்தது முதல் காரணம் மட்டுமே.

போர் முடிந்தது. 1946இல் சீன பிஷப்புகள் ஹாலின் செயலைக் கண்டித்தார்கள். ஹால் பதவி விலக வேண்டும், அல்லது லீ விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி. லீ ஊழிய உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டத்தைத் துறக்கவில்லை. இந்த வித்தியாசத்தை அவர் தெளிவாகவே வைத்திருந்தார்: குருவாக நடந்துகொள்ளும் அனுமதியைச் சபை எடுத்துக்கொள்ளலாம், குருவாக இருப்பதை எடுக்க முடியாது. ஹால் அவரை வியட்நாம் எல்லையை ஒட்டிய ஹெப்பு என்ற ஊருக்கு அனுப்பினார். சபையைப் பார்த்துக்கொண்டே, பெண் சிசுக்களைக் கைவிடும் வழக்கமிருந்த அந்த வட்டாரத்தில் ஒரு பிரசவ விடுதியும் தொடங்கினார். கம்யூனிஸ்ட் ஆட்சியில் கோயில்கள் மூடப்பட்ட பிறகு கோழிப் பண்ணையில் வேலை. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அவருடைய குரு அங்கிகளை அவர் கையாலேயே கத்தரிக்கச் செய்தார்கள்.

இந்த ஆண்டுகளிலெல்லாம் வெளியே வாக்கெடுப்புகள் நடந்துகொண்டிருந்தன. பெண் குருக்களை இருபது ஆண்டுகளுக்குச் சோதனையாக வைத்துப் பார்க்கலாம் என்று ஹாங்காங் மறைமாவட்டம் கேட்டதை 1948இல் லாம்பெத்தில் கூடிய பிஷப்புகள் மரபைக் காட்டி மறுத்தார்கள். 1971இல் கென்யாவின் லிமுரு நகரில் கூடிய ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம், விரும்பும் பிஷப் தன் மாகாணத்தின் சம்மதத்தோடு பெண்ணுக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 24க்கு 22. அதே ஆண்டு ஹாங்காங்கில் இருவர் பட்டம் பெற்றார்கள். 1992 நவம்பர் 11இல் இங்கிலாந்துத் திருச்சபையின் முறை வந்தது. பிஷப்புகள், குருக்கள், பொதுநிலையினர் என்று மூன்று அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கடைசி அவையில் 169க்கு 82. இன்னும் இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் தோற்றிருக்கும். 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் முப்பத்திரண்டு பெண்கள் பட்டம் பெற்றார்கள். இறுதி ஆண்டுகளில் கனடாவில் மீண்டும் குருவாக ஊழியம் செய்துவந்த லீ, அந்த 1992ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே டொரன்டோவில் இறந்துவிட்டிருந்தார்.

இந்த வாக்கெடுப்புகளின் வாதங்களில் மக்காவின் தேவையைவிட வேறொன்று முன்னுக்கு வந்திருந்தது. குருக்கள் பற்றாக்குறை என்று யாரும் வழக்காடி வெல்லவில்லை. அழைப்பு பெற்றவளுக்கு அழைப்பு இல்லை என்று சொல்லச் சபைக்கு என்ன உரிமை என்ற கேள்வி, ஹாலின் இரண்டாவது காரணம், அரை நூற்றாண்டு கழித்தாவது கேட்கப்பட்டது. 2013 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை எக்கோனி புஷ்பலலிதாவை ஆந்திராவின் நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்ததிலும் நான் முக்கியமாகக் கருதுவது அதுதான். ஆண் எட்டிப் பார்க்காத வனாந்தரம் அல்ல அது. பேராயர் நாற்காலிக்கு எப்படிப்பட்ட போட்டி நடக்கும் என்பது அந்தச் சபையின் அரசியலை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆட்கள் வரிசையில் நின்ற பதவிக்கு ஒரு பெண் வந்தார். 2025 அக்டோபரில் காண்டர்பரி பேராயர் பதவிக்கே சாரா முல்லாலி அறிவிக்கப்பட்டபோது, ஆப்பிரிக்காவிலும் வேறு இடங்களிலும் உள்ள பழமைவாத ஆங்கிலிக்கன் தலைவர்கள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய கோபமும் எனக்கு ஒரு வகையில் சான்றாகவே படுகிறது. தேவைக்காக வந்த பெண்ணைப் பொறுத்துக்கொள்வது அவர்களுக்கும் எளிதாகவே இருந்திருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் கதை தலைகீழ். 1994இல் இரண்டாம் ஜான் பால், பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று அறிவித்தார். அதன் பின்னும் பெண்களுக்கு நிர்வாகப் பொறுப்புகள் வந்தன. 2025 ஜனவரியில் அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா வத்திக்கானின் துறவியர் விவகாரத் துறைக்கே தலைவரானார். ஆனால் தேவை என்ற வாதம் அங்கே முழு பலத்தோடு மோதிப்பார்த்தது அமேசான் காட்டில். 2019 அக்டோபரில் அமேசான் பகுதிக்காக நடந்த பிஷப்புகள் மாமன்றத்தின் ஆவணமே ஒப்புக்கொண்டது: சில ஊர்களுக்குக் குரு திரும்பி வந்து திருப்பலி நிறைவேற்ற மாதக்கணக்கில் ஆகிறது, சில இடங்களில் வருடக்கணக்கில். அந்த ஊர்களில் பெரும்பாலும் சபையைக் கட்டிக் காக்கிறவர்கள் பெண்கள். அவர்களைத் திருத்தொண்டர்களாக்குங்கள் என்ற கோரிக்கை அந்த மாமன்றத்தில் பலமாகவே எழுந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில் போப் பிரான்சிஸின் பதில் வந்தது. பல பத்தாண்டுகளாகக் குருவே எட்டிப் பார்க்காத ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் பெண்கள்தான் என்று மனமாரப் புகழ்ந்தார். அவர்களுக்குப் பட்டம் கொடுத்தால் அது அவர்களைக் குருகுலமயமாக்கி, அவர்கள் செய்துவரும் பெரிய பணியைச் சுருக்கிவிடும் என்றார். இதை வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. பட்டம் பெற்ற ஆண்களின் அதிகார மோகத்தை அவ்வளவு கடுமையாகக் கண்டித்த போப் சமீப காலத்தில் இல்லை. ஆனால் பட்டம் ஆளைச் சுருக்கும் என்பது உண்மையானால், அந்த ஆபத்திலிருந்து காக்கப்பட வேண்டியவர்கள் பெண்கள் மட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2021 மே மாதத்தில் அவர் இன்னொன்று செய்தார். மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினருக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், முறையான வேதியர் பணியை ஏற்படுத்தினார். நம் கிராமங்களில் உபதேசியார் என்று ஆண்களுக்கே இருந்த பெயர், இப்போது பிஷப் நடத்தும் சடங்கோடு பெண்ணுக்கும் கிடைக்கும். அமேசான் கரையின் பெண் இதுவரை செய்துவந்த மறைக்கல்வியை இனி வேதியர் என்ற பெயரோடு செய்யலாம். திருப்பலிக்கு மட்டும் குரு படகில் வர வேண்டும்.